திக்கும் நாவின் பாட்டு

மேனாட்டு இளைஞர் பாடல்களுள் வெறுங் கூச்சல் என்று மூத்தோரால் எளிதில் ஒதுக்கப்பட்ட ஒன்று, 'த ஹூ' என்னும் இலண்டன் இசைக்குழுவினர் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மை ஜெனரேஷன்'. 'என் தலைமுறை' என்பது அதன் பொருள். இயற்றிய பீட் டவுன்செண்டுக்கு அப்போது அகவை இருபது. பாடியவர் ரோஜர் டால்ட்ரி.

சொற்களை மட்டும் எழுதிவைத்துப் படிப்பார்க்கு இதில் பெருஞ்சிறப்பு ஒன்றும் தோன்றாது. மூத்தோர் எம்மை இகழ்கின்றனர். முதுமை வருமுன் மாய்தலே நன்று. கருத்து ஏறக்குறைய இவ்வளவே. ஆனால் பாடகர் இச்சொற்களைத் திக்கித் திக்கிப் பாடுகின்றார். பாட்டின் உயிர் அத்திக்கலிலேதான் இருக்கிறது.

உள்ளக் கருத்தைத் தங்குதடையின்றி உரைப்பதையே நாம் தன்வெளிப்பாடு என்கிறோம். இப்பாட்டோ உரைக்க இயலாமையை உரைக்கின்றது. பிரிட்டனில் கட்டாயப் படைப்பணிக்கு ஆள் சேர்ப்பது 1960-இல் நின்றது. தந்தையர்க்குச் சொல்லப் போர்க்கதை இருந்தது. அதனால் பேசும் உரிமையும் இருந்தது. போரின் முடிவில் பிறந்த மைந்தர்க்குச் சினம் இருந்தது. அச்சினத்திற்குரிய சொல் இன்னும் வாய்க்கவில்லை. நா தடுமாறியதில் வியப்பென்ன?

ஊக்க மாத்திரை உண்ட இளைஞரின் குழறலைக் காட்டுவதே இது என்பாரும் உளர். அது பொருந்தலாம். ஆயினும் அவ்வளவில் நின்றால் பாட்டு வெறும் பகடியாய்ச் சுருங்கிவிடும். திக்குவாயுடையார் மனம் புண்படுமென்று பிபிசி வானொலி முதலில் இதனை ஒலிபரப்பத் தயங்கியது. பாட்டுப் பரவிய பின்னரே இணங்கியது. அத்தயக்கத்தைக் குறைகூறற்கில்லை. ஆனால் இங்குத் திக்குபவன் நகைப்பிற்குரியவன் அல்லன். அவனே பாட்டின் தலைவன். ஓரிடத்தில் ஒரே ஒலியில் நெடிது தடுமாறி, வசைச்சொல் வரப்போகிறதோ என்று கேட்போரை அஞ்சவைத்துப் பின் தீதற்ற சொல்லொன்றை உதிர்க்கின்றான். நகை எள்ளலிலும் இளமையிலும் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இன்னொன்றும் கருதற்பாலது. தனியனாய்ப் பாடுபவன் திக்க, அடிதோறும் பின்பாட்டுப் பாடுவோர் தலைமுறையின் பெயரைத் தடையின்றி மொழிகின்றனர். ஒருவனுக்குக் கூடாத பேச்சுக் கூட்டத்திற்குக் கூடுகிறது! இடையே சொல் ஓய, ஜான் என்ட்விசிலின் பேஸ் கித்தார் தனித்துப் பேசுகிறது. பின்னணியில் ஒடுங்கிக் கிடக்கும் கருவி அது. இறுதியில் முரசும் கித்தாரும் மோதிச் சிதறுகின்றன.

முதுமைக்கு முன் இறப்பை விரும்பும் அடிதான் இன்றும் பலர் நாவில் நிற்கிறது. பாட்டின் மெலிந்த இடமும் அதுவே. அங்கே மட்டும் வீம்பு மிகுந்துவிட்டது. டவுன்செண்டும் டால்ட்ரியும் எழுபது கடந்தும் அதனை மேடையில் பாடினர். அதனை எள்ளுவோர் பலர். ஆனால் அக்குழுவில் முரசறைந்த கீத் மூன் 1978-இல், தம் 32-ஆம் அகவையில் இறந்தார். அதன்பின் அவ்வடியை விளையாட்டாய்க் கேட்டல் அரிது.