தி சிம்ஸ் விளையாட்டுகளில் குழந்தைகளின் குறும்பு

தி சிம்ஸ் என்பது மாக்சிஸ் நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டுவரும் வாழ்க்கைப் பாவனை விளையாட்டுத் தொடர் ஆகும். வில் ரைட் வடிவமைத்த முதல் விளையாட்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு குடும்பத்தை உருவாக்கி, அதன் உறுப்பினர்களின் உணவு, உறக்கம், வேலை, நட்பு ஆகியவற்றை ஆடுபவர் கவனித்துக்கொள்ள வேண்டும். இத்தொடரில் குழந்தைகள் நெடுங்காலமாக இடம்பெற்றாலும், அவர்களுக்கே உரிய குறும்புத்தனத்துக்குக் கிடைத்த இடம் குறைவு.

தொடரில் குறும்பு

முதல் விளையாட்டில் குழந்தைகள் வளர்வதில்லை. பள்ளி மதிப்பெண் மிகவும் சரிந்தால் ராணுவப் பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள்; பிறகு வீடு திரும்புவதில்லை. 2004-இல் வந்த தி சிம்ஸ் 2 குழந்தைகளை வளரவிட்டது. 2009-இல் வெளியான தி சிம்ஸ் 3 விளையாட்டுக்கு 2011-இல் ஜெனரேஷன்ஸ் என்னும் விரிவாக்கத் தொகுப்பு வந்தது. அதில் குளியலறைத் தூவலில் சாயம் கலந்து வைக்கலாம். பக்கத்து வீட்டு அழைப்புமணியை அடித்துவிட்டு ஓடலாம். அகப்பட்டால் பெற்றோர் தண்டிப்பார்கள்.

2014-இல் வெளியான தி சிம்ஸ் 4 விளையாட்டில் குறும்பு என்பது தனித் திறனாகவே உள்ளது. ஆனால் அத்திறனை வளர்க்கப் பதின்வயதை எட்ட வேண்டும். சிறுவர்களுக்கு உரியவை படைப்பு, சிந்தனை, உடலியக்கம், பழகுதல் ஆகிய நான்கு திறன்கள் மட்டுமே. 2017-இல் வந்த பேரண்ட்ஹூட் தொகுப்பு இக்குறையை ஓரளவு போக்கியது. பிள்ளைகள் வீட்டை அலங்கோலப்படுத்தலாம், பெற்றோர் கண்டிக்கலாம். நன்னடத்தை, பொறுப்புணர்வு, பரிவு, பிணக்குத் தீர்த்தல், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகிய ஐந்து பண்புகள் அளவிடப்பட்டு, பிள்ளை இளைஞராகும்போது அவற்றுக்கேற்ற குணங்கள் அமைகின்றன.

மதிப்பீடு

வளர்ப்புக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது பேரண்ட்ஹூட்டின் சிறப்பு. ஆனால் அங்கே சேட்டை பெரும்பாலும் மதிப்பெண் குறைவதாகவே முடிகிறது. குறும்பு செய்த பிள்ளை கெட்டுப்போகும் பிள்ளை என்ற பழைய பள்ளிக்கூடக் கணக்கு அது. ஜெனரேஷன்ஸில் குறும்புக்கு ஒரு கதை உண்டு: செய்தவர் ஒருவர், ஏமாந்தவர் ஒருவர், அகப்படுவோமோ என்ற படபடப்பு. அதனால் அந்தப் பிள்ளை பெற்றோரின் வளர்ப்புத் திறனை அளக்கும் கருவியாக நின்றுவிடாமல், தனக்கென ஒரு மனம் உள்ள பாத்திரமாகிறது.

எது வேடிக்கை, எது பிறரை நோகடிக்கும் என்பதைப் பிள்ளைகள் சேட்டை செய்துதான் பெருமளவு கற்கிறார்கள். எல்லையைத் தொட்டுப் பார்க்காமல் எல்லை புரிவதில்லை. வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியே அனுபவமுள்ள ஆசிரியர் முதலில் கவலைப்படுவார்.

எதிர்வாதம்

குறும்பைக் கூட்டினால் அது கொடுமைக்கு இடமளிக்கும், ஆடும் சிறுவர்களும் அதைப் பின்பற்றுவார்கள் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எளியவரைச் சீண்டுவது குறும்பாகாது. ஆனால் இதற்குத் தீர்வு, பாதிக்கப்பட்டவரின் வருத்தத்தையும் விளையாட்டில் காட்டுவதுதான். குறும்பையே நீக்கிவிட்டால் அந்த வேறுபாட்டைக் காட்டும் வாய்ப்பும் போய்விடும்.

தேவையான மாற்றங்கள்

புதிய சேட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் காரணமும் பின்விளைவும் வேண்டும். புதிதாகத் தம்பி பிறந்ததால் கவனிப்பை இழந்த பிள்ளை சுவரில் கிறுக்கலாம். பிறகு உண்மையை ஒப்புக்கொள்ளலாம், மறைக்கலாம், அக்காள்மேல் பழி போடலாம். பெற்றோரும் திட்டலாம், சிரித்துவிடலாம், கவனிக்காமலும் விடலாம். இவற்றில் எது நடந்தது என்பது அந்தக் குடும்பத்தின் நினைவில் தங்க வேண்டும்.

தி சிம்ஸ் 4 விளையாட்டின் அடிப்படைப் பதிப்பு 2022 அக்டோபர் முதல் இலவசம். பேரண்ட்ஹூட்டுக்கோ தனியே பணம் கட்ட வேண்டும். குழந்தைமையின் இயல்பான பகுதியான குறும்பு, விலை கொடுத்து வாங்கும் கூடுதல் வசதியாக இல்லாமல் அடிப்படைப் பதிப்பிலேயே இருப்பதுதான் முறை.