பனிக்கடலும் பாசறையும்

சாகச நாவல்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இரயில் பயணத்திற்கு உரியவை என்று ஒதுக்கிவிடுவர். அலிஸ்டர் மக்ளீனின் நூல்கள் பலவற்றிற்கு இத்தீர்ப்புப் பொருந்தும் என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் 1955-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலாகிய 'எச்.எம்.எஸ். யுலிசிஸ்' அவ்வரிசையில் வைக்கத்தக்கதன்று.

இந்நூலை நாம் முதன்முதலாகக் கண்டது, படைப்பணியில் இருந்த நாளில், இமயச் சாரலில் ஒரு முகாமின் படிப்பகத்தில். அட்டை கிழிந்து, பலர் கைபட்டுத் தளர்ந்த படி அது. படைவீரனுக்குப் போர்வாழ்வு என்பது பெரும்பாலும் காத்திருத்தல், உறக்கமின்மை, ஈரம் காயாத காலுறை. வெற்று வீரம் பேசும் கதைகளை அவன் ஐந்தாறு பக்கங்களிலேயே மூடிவிடுவான். இந்நூலை ஏன் மூடவில்லை?

மக்ளீன் 1922-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்து மலைநாட்டில் கேலிக் மொழி பேசி வளர்ந்தவர். ஆங்கிலம் அவருக்குப் பின்னர் வந்த மொழி. 1941-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 'ராயலிஸ்ட்' என்னும் போர்க்கப்பலில், வடதுருவக் கடல்வழியே ருஷ்யாவுக்குச் சென்ற வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றவர். (அக்கப்பலே 1945-இல் நம் வங்கக் கடலுக்கும் வந்தது.) எனவே அவர் கதையில் முதற்பகைவன் ஜெர்மானியன் அல்லன், குளிரும் களைப்புமே. கதை தொடங்குவதும் வெற்றி முழக்கத்துடன் அன்று. ஓய்வின்றி உழைத்துச் சலித்த மாலுமிகள் கிளர்ந்தெழுந்த செய்தியுடன் தொடங்குகிறது.

நூலின் உச்சம் என நாம் கருதுவது போர்க்காட்சி எதுவுமன்று. காசநோயால் இறந்துகொண்டிருக்கும் கப்பல் தலைவர் வேலரி, நள்ளிரவில் கப்பலின் அடித்தளங்கள்வரை சென்று தம் வீரர்களைக் கண்டு வரும் பகுதியே அது. அதைப் படிக்கும் தமிழர்க்கு நெடுநல்வாடை நினைவுக்கு வராமல் இராது. வாடைக் காற்றில் பாசறை விளக்குகள் சாய, சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் மழைத்துளியை உதற, புண்பட்ட வீரர்களை நள்ளிரவில் கண்டு செல்லும் மன்னனை நக்கீரர் காட்டுகிறார். அங்கே நலிந்தவர்களை நலமுடையவன் காண்கிறான். இங்கே காண வருபவரே அனைவரினும் நலிந்தவர். மாலுமிகள் மீண்டும் பணிக்கு நிற்பது ஆணைக்கு அஞ்சி அன்று, அந்த ஒரு மனிதருக்காக என்பதை ஆசிரியர் விரித்துரைக்காமலே உணர வைக்கிறார்.

ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. நக்கீரர் பாசறையைக் காட்டுமுன் அரண்மனையில் உறங்காதிருக்கும் அரசியைக் காட்டினார். போரின் விலை அங்கும் செலுத்தப்படுகிறது என்று அறிந்தவர் அவர். மக்ளீனின் கப்பலில் பெண்ணுக்கு இடமில்லை. வீடு என்பது பெரும்பாலும் இறப்புச் செய்தி வரும் திசை மட்டுமே. பாசறையில் கடிதத்திற்காகக் காத்திருந்தவர்க்கு இக்குறை உறுத்தவே செய்யும். அவலத்தின்மேல் அவலத்தை அடுக்குவதும் அளவு மீறுகிறது. ரால்ஸ்டன் என்னும் இளைஞன், தன் தந்தை தலைமை தாங்கும் கப்பலையே டார்பிடோவால் மூழ்கடிக்க நேரும் காட்சி நம்மை உருக்குவதற்கென்றே புனையப்பட்டது. உண்மையாகப் பட்ட குளிரை எழுதிய பேனா அதை எழுதவில்லை.

1957-இல் வந்த 'நவரோன் பீரங்கிகள்' வரை அந்தப் பழைய களைப்பின் சாயல் தொடர்ந்தது. 1967-இல் வந்த 'வேர் ஈகிள்ஸ் டேர்' திரைப்படத்திற்கென எழுதப்பட்ட கதை. அங்கே பனி உண்டு, மலை உண்டு, திருப்பங்கள் ஏராளம் உண்டு; ஆனால் கைவிரல் மரத்துப்போனமையால் துப்பாக்கியை நழுவவிடும் ஒரு மனிதனை நாம் அங்கே காணவில்லை.