கார் ஷெட் மாடி அறைக்கு எது சரி: கூலரா, ஏசியா?

2001இல் சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டது. ராபர்ட்சன்பேட்டையில் பல வீடுகளில் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தூங்குவது பகலில். அதற்கென்று வீட்டில் ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் கார் ஷெட்டுக்கு மேலே கட்டிய அறைதான். தனி மாடிப்படி, தனி வாசல், கீழ்வீட்டுச் சமையலறைச் சத்தம் எட்டாது. ஆனால் வீட்டிலேயே அதிகம் சூடாவதும் அந்த அறைதான்.

என் அக்கா மகன் தூங்குவது அப்படியோர் அறையில். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி. இந்தக் கோடையில் அங்கே வெள்ளைப் பூச்சு, ஃபேன், எக்ஸாஸ்ட், கூலர், ஏசி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊருக்குக் கூலர் போதும். ஆனால் கூரையைக் கவனித்த பிறகுதான் அதை வாங்க வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குள் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறைகள் நிழல் தரும். கார் ஷெட் மாடிக்கு அந்த வசதி இல்லை. மூன்று சுவர்கள் வெயிலில் நிற்கின்றன, தலைக்கு மேல் கான்கிரீட், காலுக்குக் கீழே இரும்பு ஷட்டர் போட்ட ஷெட். ஷட்டர் மேற்கு பார்த்திருந்தால் மாலையில் தரையும் சுடும்.

இதில் பெரிய பங்கு கூரையுடையது. வெறும் கான்கிரீட் தளம் நாள்பட நாள்பட கறுத்துப்போய், விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். இந்த அளவு அறையின் தளம் வழியாக உச்சிப்பொழுதுக்குப் பின் உள்ளே இறங்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால் சுமார் ஒரு கிலோவாட் வருகிறது. அறைக்குள் ஒரு அயர்ன் பாக்ஸை அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம் அது. கான்கிரீட் வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதித்துக் கடத்துவதால், காலை பத்து மணிக்குப் படுப்பவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மணிக்கு மேல்தான் வியர்த்து எழுந்து உட்காருவார்.

முதல் வேலை: கூரையும் இரவுக் காற்றும்

மாடியைக் கழுவிக் காயவைத்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட்டை இரண்டு கோட் அடித்தோம். கை எட்டுகிற உயரத்தில் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. முன்பு மூன்று மணிக்குக் கையை வைத்திருக்க முடியாது. இப்போது வெதுவெதுப்பு மட்டும்தான். பணம் குறைவென்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் தூசி படிந்தால் பலன் குறையும், வருடத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நம் ஊரிலும் வீடு கட்டுபவர்கள் இதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இரவு. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எடுத்த எடுப்பில் "ஏசி போட்டுடுங்க" என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி, கீழே சமவெளியில் இரவும் புழுங்கும். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஏப்ரலிலும் விடியற்காலைக் காற்று குளிர்ந்தே வரும். அந்தக் குளிர்ச்சியைச் சுவரிலும் தளத்திலும் ஏற்றி வைக்கலாம். ஒரு ஜன்னலை வலையோடு திறந்துவைத்து, எதிர்ச்சுவரின் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனை இரவு முழுவதும் ஓடவிட்டோம். ஆள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் என்பதால் சத்தம் ஒரு பிரச்சினை இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் ஜன்னலைச் சாத்தித் திரை போட்டுவிட வேண்டும். இந்த இரண்டு வேலைகளிலேயே மதியப் புழுக்கம் பாதியாகக் குறைந்தது.

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்கு அருகில் நிற்கும். சூடான சீலிங்குக்குக் கீழே எந்த ஃபேனும் சூட்டைத்தான் கீழே தள்ளும். கூரை வேலை முடிந்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது.

கூலர்: இந்த ஊரின் பலம்

கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிரவைக்கிறது. எனவே காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. 35 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 22 டிகிரிதான் காட்டும். நல்ல தேன்கூட்டுப் பேட் வைத்த கூலரிலிருந்து 25 டிகிரியை ஒட்டிய காற்று வரும். சென்னைக் கடற்கரையில் இது நடக்காது. கோலார் மாவட்டத்து மார்ச், ஏப்ரல் மதியத்தில் நடக்கும். மே மாதம் கோடை மழை பெய்து ஈரப்பதம் 55 சதவீதமானால், 33 டிகிரி வெயிலில் 27, 28 டிகிரிக் காற்றுதான் கிடைக்கும். அப்போதும் தூங்கலாம், ஆனால் போர்வை தேவைப்படாது.

கூலரை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்தினால் சீக்கிரமே அறை ஈரக்கூடமாகிவிடும், உடம்பு பிசுபிசுக்கும். வழி என்னவென்று இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். சிவனசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் 1902இல் முதன்முதலாக வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான். காற்றைக் குளிரூட்டும் இயந்திரங்களும் 1930களிலேயே வந்துவிட்டன. அவ்வளவு இருந்தும், ஒரு ஷாஃப்டில் காற்று இறங்கி, ஆள் வேலை செய்யும் இடத்தைக் கடந்து, இன்னொரு ஷாஃப்டில் ஏறி வெளியேறினால்தான் உள்ளே மனிதன் நிற்க முடியும். டவுன்காஸ்ட், அப்காஸ்ட் என்று சுரங்கப் பொறியாளர்கள் பிரித்துச் சொல்லும் அதே ஏற்பாடுதான் கூலருக்கும் வேண்டும். கூலர் ஜன்னலுக்கு வெளியே நிற்கட்டும், எதிர்ப்பக்க ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கட்டும், நடுவில் கட்டில்.

கார் ஷெட் மாடிக்கு மட்டுமே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கூலர் காற்றை உறிஞ்சும் பக்கம் ஷெட்டின் வாசலுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. வண்டி ஸ்டார்ட் ஆகும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் அறையில் கூலரைப் பின்பக்க ஜன்னலுக்கு மாற்றினோம். தளத்தில் ஒயர், பைப் போன ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தோம்.

அடுத்த கேள்வி தண்ணீர். ஒரு டன் ஏசி தரும் குளிர்ச்சியை ஆவியாதல் மூலம் பெற மணிக்குச் சுமார் ஐந்து லிட்டர் செலவாகும். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 35 லிட்டர். பேத்தமங்கலத்து நீரையும் டேங்கரையும் போர்வெல்லையும் நம்பி வாழும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமானால் பேட்டில் வெள்ளையாகப் படிந்து காற்று அடைபடும். டேங்கின் அடித் தண்ணீரை அடிக்கடி திறந்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை முழுவதும் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான்.

ஏசி: யாருக்கு, எப்படி?

குளிர்ச்சி, சத்தம் இரண்டிலும் இன்வெர்ட்டர் ஏசிக்கு நிகரில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டால் தெருச் சத்தமும் தூசியும் உள்ளே வராது. ஆஸ்துமா உள்ளவர், வயதானவர், கைக்குழந்தை இருக்கும் அறை என்றால் யோசிக்காமல் ஏசி போடலாம்.

வெறும் கூரையோடு இருந்தபோது இந்த அறைக்கு ஒன்றரை டன் சொன்னார்கள். வெள்ளைப் பூச்சுக்குப் பிறகு ஒரு டன்னே போதுமானதாக இருந்தது. வாங்கும்போது மட்டுமல்ல, மாதாமாதமும் அது மிச்சம். அவுட்டோர் யூனிட்டைத் திருட்டுக்கும் வெயிலுக்கும் பயந்து கார் ஷெட்டுக்குள் மாட்டச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. யூனிட் வெளியேற்றும் சூடு ஷெட்டுக்குள்ளேயே சுற்றும், அதே சூட்டை யூனிட் மறுபடி உறிஞ்சும், மேலே அறையின் தரையும் சுடும். காற்றோட்டமுள்ள வெளிச்சுவரில் நிழல் பார்த்து மாட்டுவதே சரி. இப்போது வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. 2020 முதல் அது விதி. அதையே 26க்கு ஏற்றி ஃபேனையும் போட்டால் உடம்புக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஜன்னலில் குழாய் நீட்டும் போர்ட்டபிள் ஏசியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சூடான காற்றை வெளியே தள்ளும்போது அதே அளவு வெளிக்காற்றைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். ஷெட் மாடியில் அந்தக் காற்று எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பில் எவ்வளவு?

தினம் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பிஎல்டிசி ஃபேனுக்கு மாதம் ஏழெட்டு யூனிட். 180 வாட் கூலருக்குச் சுமார் 43. ஒரு டன் ஐந்து நட்சத்திர ஏசிக்கு 120 முதல் 150. கர்நாடகத்தில் இதை கிருஹ ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் சலுகை போய், பெஸ்காம் பில் முழுவதையும் கட்ட வேண்டும். ஏற்கெனவே 80 யூனிட் எரிக்கும் வீடு கூலரால் 123இல் நிற்கும். அங்கே கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். ஏசி போட்டால் அதே வீடு 200ஐத் தொடும், தாண்டவும் செய்யும்.

எதை வாங்கலாம்?

கையில் சில ஆயிரம்தான் இருக்கிறதென்றால் கூரைக்கு வெள்ளை, இரவுக்கு எக்ஸாஸ்ட். இந்த இரண்டும் எல்லா வீட்டுக்கும் பொது. அடுத்த கோடையில் பிஎல்டிசி ஃபேன். அதன் பிறகும் மதியத்தில் தூக்கம் கெட்டால், தண்ணீர் வசதியும் எதிரெதிர் ஜன்னலும் இருக்கும் வீட்டுக்குக் கூலர். ஒரே ஜன்னல் உள்ள அறைக்கும் மூச்சுத்தொல்லை உள்ளவருக்கும் தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டுக்கும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி. எங்கள் அறையில் கூலரை வைத்துக்கொண்டோம். இரவெல்லாம் உழைத்து வரும் பிள்ளைக்குப் பகலில் நல்ல தூக்கம் கொடுப்பது வீட்டின் கடமை. கடைக்குப் போகும் முன் மாடிக்கு ஏறித் தளத்தைப் பாருங்கள். கறுத்துக் கிடந்தால் முதல் செலவு அங்கேதான்.