பீங்கானில் நகையும் எள்ளலும்

பழம்பொருள் திரட்டுவோரிடையே ஜெர்மன் நாட்டு வேடிக்கைப் பீங்கான் கலன்களுக்குத் தனியொரு மதிப்பு உண்டு. தீக்குச்சிச் சாடி, சாம்பல் கிண்ணம், புகையிலைப் பேழை, சுங்கானின் தலை எனப் புகைப்பவரின் மேசையைச் சார்ந்த சிறு பொருள்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் துரிங்கியா வட்டாரத்துச் சூளைகளிலிருந்து இவை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாகச் சென்றன. இவற்றைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் விலையையும் அருமையையும் பற்றியனவே. சிரிக்க வைப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள்கள் இவை. அச்சிரிப்பு எத்தகையது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது.

ஐரோப்பாவில் வன்பீங்கான் செய்யும் முறை 1708ஆம் ஆண்டளவில் சாக்சனியில் கண்டறியப்பட்டது. 1710இல் மைசன் ஆலை தோன்றியது. கெண்ட்லர் போன்ற சிற்பிகள் அரசவை மேசைக்கென அங்கு உருவங்களைப் படைத்தனர். மைசன் பொத்திப் பொத்திக் காத்த அம்மறையை 1760ஆம் ஆண்டளவில் மாகெலைட் என்பார் துரிங்கியாவில் தாமே கண்டறிந்தார். அங்கே சூளைக்கு விறகு தரும் காடுகள் நிறைந்திருந்தன, ஆலைகள் பெருகின. பொஸ்நெக் நகரில் கோன்டா - பேமெ ஆலையும், ருடோல்ஸ்டாட்டை அடுத்த ஃபோல்க்ஸ்டெட்டில் 1890இல் தொடங்கிய ஷேஃபர் - ஃபாட்டர் ஆலையும் வேடிக்கைப் பொருள்களால் பெயர் பெற்றவை. மன்னர்க்குரியதாயிருந்த பொருள் இவ்வாறு சந்தைக்கு வந்தது. இங்கிலாந்தின் ஊர்த் திருவிழாக்களில் சில காசுகளுக்கு அது கைமாறிற்று.

செய்முறை எளிது. கூழாகக் கரைத்த களிமண்ணைச் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, சுவரில் களிமண் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிடுவர். ஏறத்தாழ 1400 பாகை வெப்பத்தில் வெந்து வெளிவரும்போது உருவம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருக்கும். பிறகு கண்ணுக்கும் கன்னத்துக்கும் வண்ணம் தீட்டுவர். அவ்வாறு தீட்டிய கைகளுக்கு உரியவர் பெயர் எதுவும் அடியில் இராது. ஆலையின் முத்திரை இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டுமென்றது. ஆகவே அடியில் நாட்டின் பெயர் காணப்படின், பொருள் அதற்குப் பிற்பட்டது என்று கொள்வது திரட்டுவோர் வழக்கம்.

இவற்றுள் கலையென மதிக்கத்தக்கன தீக்குச்சிச் சாடிகளே. எங்கு உரசினும் பற்றும் தீக்குச்சிகள் வழங்கிய காலம் அது. குச்சியை உரசுவதற்குச் சாடியில் ஓரிடத்தை மெருகிடாமல் வரிவரியாகச் சொரசொரப்பாக விட்டனர். அவ்விடம் எது என்பதில்தான் சிற்பியின் குறும்பு விளங்குகிறது. குனிந்து நிற்கும் தடித்த மனிதரின் கால்சட்டைப் பின்புறமே உரசும் இடமாக அமைந்திருப்பதைக் காண்பவர் சிரிக்காமல் இரார். பயனும் நகையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை நீக்கின் மற்றதும் வீழும். பெட்டியின் பக்கத்தில் மட்டுமே பற்றும் பாதுகாப்புத் தீக்குச்சி எங்கும் பரவிய பின்னர், அச்சொரசொரப்பின் பொருளே பலருக்கு விளங்காமற் போயிற்று. சுங்கான் தலைகளை இந்த அளவுக்குப் பாராட்ட இயலாது. பீங்கான் ஈரத்தை உறிஞ்சாது; ஆதலின் வடியும் நீரைத் தாங்க அடியில் வேறொரு கிண்ணம் தேவைப்பட்டது. படைவீரர்கள் தம் படைப்பிரிவின் பெயரைப் பொறித்து வீட்டுக்கு எடுத்துச் சென்ற சுங்கான்கள் நினைவுப்பொருள் என்னும் வகையிலேயே சிறந்தன.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைத்தார். அதனைப் பேராசிரியர் இருவகையாக விரித்தார்: பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது மற்றொன்று. இக்கலன்களை நிறுக்க இதனினும் ஏற்ற துலாக்கோல் இல்லை.

மண்டையோட்டு வடிவிலான புகையிலைப் பேழையை எடுத்துக்கொள்வோம். சுருட்டை நாடி மூடியைத் திறப்பவன், தன் முடிவையே ஒவ்வொரு முறையும் கையால் தொடுகிறான். வாய் பிளந்த தலையாக அமைந்த சாம்பல் கிண்ணமும் அவ்வாறே. உள்ளே வைத்த சிகரெட்டின் புகை அதன் வாய் வழியாக வெளிவரும்; எதிரே அமர்ந்து புகைப்பவன் தன் கோலத்தைத் தானே காண்கிறான். எள்ளப்படுபவன் உடையவனே, நகுபவனும் அவனே. இது பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை.

முதல் வகையும் அதே சூளைகளிலிருந்து ஏராளமாக வந்தது. தடித்த உதடும் உருட்டிய விழியுமாய்க் கறுப்பின மக்களின் முகங்கள், பல்லிளிக்கும் சீனர் தலைகள் என அவை இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. வார்ப்பு நேர்த்தி மண்டையோட்டுக்கு இருப்பதுபோலவே இவற்றுக்கும் உண்டு. அந்நேர்த்தியே தீமையை இனிப்பாக்கிற்று. சாம்பலைத் தட்டுவதற்கென ஒரு மனிதனின் வாயைத் திறந்து வைத்தபோது, அம்மனிதன் அந்தச் சிரிப்பில் பங்குகொள்ளவில்லை. ஜெர்மனி 1884 முதல் ஆப்பிரிக்காவில் குடியேற்ற நாடுகளைக் கைக்கொண்டது. 1904 முதல் 1908 வரை தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரெரோ, நாமா மக்களை அதன் படைகள் கொன்று குவித்தன. வீட்டு மேசையில் கறுத்த முகத்தில் சாம்பலைத் தட்டிப் பழகிய கை, அச்செய்தியைத் தாங்கிய நாளிதழையும் அதே மேசையில் புரட்டியிருக்கும். பொம்மை கொலை செய்யவில்லை என்பது உண்மை. கொல்லப்பட்டவனை மனிதனாக எண்ணாதிருக்க அது பழக்கியது என்பதும் உண்மை.

‘அக்காலத்து வழக்கம் அது’ என்று அமைதி கூறுவோர் உளர். மண்டையோட்டுப் பேழையும் அக்காலத்ததே அன்றோ? தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கவும் அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

இவற்றை உடைத்தெறிவதாலும் பயனில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜிம் குரோ அருங்காட்சியகம் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அன்றாடப் பொருள்களைத் திரட்டி, மாணவர் கண்டு விவாதிப்பதற்கென வைத்துள்ளது. தனியார் அலமாரியில் அந்த விளக்கம் இருப்பதில்லை. விற்பனைப் பட்டியலில் காதோரத்துச் சிறு உடைவும், மங்காத வண்ணமும், அடியிலுள்ள முத்திரையும் தவறாமல் குறிக்கப்படுகின்றன. அது யாருடைய முகம் என்பது குறிக்கப்படுவதில்லை. திரட்டுபவர் தம் ஏட்டில் சேர்த்தெழுத வேண்டிய வரி அதுவே.