தையல் மெஷினைத் தூக்கிச் செல்ல ஏற்ற பெட்டி எது?

தையல் மெஷினுக்குப் பையோ பெட்டியோ வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: அடித்தட்டு, கைப்பிடி. துணியின் தடிப்பு, நிறம், வெளிப்பைகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். வீடுகளில் பயன்படும் ஜிக்ஜாக் மெஷின், உஷா ஜனோம், பிரதர், சிங்கர் என எதுவானாலும், பெரும்பாலும் 6 கிலோவை ஒட்டியே இருக்கும். இந்த எடை எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதில்லை. மோட்டார் வலப்பக்கம் இருப்பதால் கனம் அந்தப் பக்கம் கூடுதல். பையின் நட்டநடுவில் கைப்பிடி தைத்திருந்தால், தூக்கியதும் வலமுனை தாழ்ந்து கைச்சக்கரம் பையின் சுவரில் முட்டும். அந்த நிலையில் ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ போனால், பெங்களூரின் ஒவ்வொரு ஹம்ப்பிலும் சக்கரமே இடி வாங்கும். சக்கரம் நேராக மெஷினின் மேல்தண்டோடு இணைந்திருப்பதால் அடி உள்ளே வரை போகும்.

இதற்கு நல்ல தீர்வு மெஷினிலேயே இருக்கிறது. அதன் தலைமேல் மடங்கியிருக்கும் கைப்பிடி, எடையின் சமநிலை பார்த்துப் பொருத்தப்பட்டது. எனவே பையின் மேல்புறத்தில் ஒரு திறப்பு விட்டு, மெஷினின் கைப்பிடியையே பிடித்துத் தூக்கும்படி அமைந்த பைதான் சிறந்தது. தையல்மீதும் ஜிப்மீதும் பாரம் விழாது. கெட்டியான பிளாஸ்டிக் மூடிகள் பலவும் இந்த முறையில்தான் வருகின்றன. ஆனால் அவை மேலே கவிழ்க்கும் மூடிகள் மட்டுமே; அடிப்பகுதி கிடையாது. வீட்டுக்குள் தூசிக்கும், காரில் கொஞ்ச தூரம் போவதற்கும் போதும். மழையில் நனைந்த தரையில் வைத்தால் ஈரம் கீழிருந்து ஏறும். ஜூன் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் மழை பெய்யும் ஊரில் இது சிறிய குறையல்ல.

மெத்தைப் பைகளைச் சோதிக்க எளிய வழி, மெஷினை உள்ளே வைத்துத் தூக்கி அடியைப் பார்ப்பதுதான். அடி தொட்டில்போல் தொய்ந்தால் அந்தப் பை வேண்டாம். உள்ளே அட்டை வைத்துத் தைத்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் அது ஊறிப் போகும். பிளைவுட் பலகையோ கெட்டி பிளாஸ்டிக் தகடோ இருக்க வேண்டும். சுவர்களில் சாதாரண ஸ்பாஞ்சை விட ஈ.வி.ஏ. ஃபோம் மேல். விரலால் அழுத்தினால் ஸ்பாஞ்ச் முழுதாக அமுங்கிவிடுகிறது. மெஷின் சாயும்போதும் அப்படித்தான். கைப்பிடியின் பட்டை பையின் அடியைச் சுற்றி வந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மேல்விளிம்பில் மட்டும் தைத்த பட்டை இந்தப் பாரத்துக்கு நெடுநாள் தாங்காது.

அளவெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைச்சக்கரம் துருத்தும் முனைவரை நீளம், மடக்கிய கைப்பிடியோடு உயரம், பின்பக்க லீவரோடு அகலம் என்று எடுத்து, ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். சரியான அளவில் ஆயத்தப் பை கிடைக்காவிட்டால் தைக்கச் சொல்லலாம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கார் சீட் கவர் தைப்பவர்களிடம் ரெக்சின், ஃபோம், கனத்த நூல், அதைத் தைக்கும் மெஷின் எல்லாம் உண்டு. அடிப்பலகையை மட்டும் அளவாக அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கடையில் தொங்கும் பல பைகளைவிட இப்படித் தைத்த பை உறுதியானது.

சக்கரம் வைத்த டிராலி தோளுக்கு இதம், மெஷினுக்கு அவ்வளவு இல்லை. கல்பலகை பெயர்ந்த நடைபாதைகளில் சிறிய பிளாஸ்டிக் சக்கரங்கள் கடகடக்கும். அந்த அதிர்வில் திருகுகள் தளரும். பெரிய ரப்பர் சக்கரமும் அடியில் தடித்த ஃபோமும் இருந்தால் மட்டுமே டிராலி பக்கம் போகலாம். நம்ம மெட்ரோவில் கட்டணமின்றிக் கொண்டுபோகும் பைக்கு 60 × 45 × 25 செ.மீ., 15 கிலோ என்று வரம்பு உண்டு. மெத்தைப் பை இதற்குள் அடங்கும். வெளிப்பைகள் புடைத்த டிராலி 25 செ.மீ.யைத் தாண்டக்கூடும். ஸ்கேனர் பட்டையில் பையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைக்கும்படி காவலரிடம் சொல்லிவிடுவது நல்லது. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் மெஷினுக்கு உரிய இடம் சீட் அல்ல, கால் வைக்கும் தளம். ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டுவதை நினைக்கவே கூடாது. அது காய்கறிப் பைக்கான கொக்கி.

கருப்பு வார்ப்பிரும்பு மெஷின்களின் கதை வேறு. அவற்றின் தலை மட்டுமே ஜிக்ஜாக் மெஷினைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். பழைய சிங்கர்களோடு வந்த வளைமரப் பெட்டிகள் பார்க்க அழகானவை, ஆனால் அவற்றின் கைப்பிடி மூடியில்தான் இருக்கிறது. பூட்டுக் கொக்கி தேய்ந்திருந்தால் மூடி கையோடு வர, மெஷின் காலில் விழும். இவற்றை இரு கைகளாலும் அடிப்பலகையைப் பிடித்தே தூக்க வேண்டும். மெஷினையும் பெட்டியையும் சேர்த்தே வடிவமைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1933இல் வந்த சிங்கர் ஃபெதர்வெயிட் 221 நல்ல சான்று: அலுமினிய உடல், 5 கிலோ எடை, அளவெடுத்துச் செய்த சிறு கருப்புப் பெட்டி.

பெட்டி எதுவானாலும் கட்டும் முறை ஒன்றே. ஊசியைக் கழற்றி, பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் மடித்த துணி வைத்து இறக்கி, நூல் கம்பிகளை மடக்க வேண்டும். கால் பெடலும் ஒயரும் தனி அறையில் போக வேண்டும். மெஷினோடு கிடந்தால் பெயின்ட்டைக் கீறும், திரை உள்ள மாடல்களில் திரையையே உடைக்கும்.

விமானத்தில் உள்நாட்டுப் பயணிகளின் கைப்பைக்கு 7 கிலோ என்பது வழக்கமான வரம்பு. மெஷினோடு பெட்டியின் எடையும் சேர்ந்தால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். சரக்காகப் போட நேர்ந்தாலோ கூரியரில் அனுப்பினாலோ, மெஷின் வாங்கியபோது வந்த தெர்மோகோல் அச்சுள்ள அட்டைப்பெட்டியைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. வாங்கிய கையோடு அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது.