சிறு கலாசாலையின் பெரிய அரங்கம்

ஒரு கலாசாலையின் கலை நிகழ்ச்சிகளை மதிப்பிடப் புகுவோர், அங்கே வந்து போன வித்வான்களின் பெயர் வரிசையையும் மண்டபத்தில் நிறைந்த கூட்டத்தையும் கொண்டே பெரும்பாலும் அதன் பெருமையை நிர்ணயித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்து மலைப் பிரதேசத்தில் 1933 முதல் 1957 வரை இயங்கி, ஓராண்டில் நூறு மாணாக்கர் சேர்வதே அபூர்வமாயிருந்த பிளாக் மவுண்டன் கலாசாலையின் சரித்திரத்தை ஊன்றிப் பார்த்தால், அந்த அளவுகோல் போதாது என்பது விளங்கும். சிறியதாயிருந்தும் அங்கே கலைகள் சிறந்தன என்று பலர் வியப்பர். சிறியதாயிருந்ததனாலேயே சிறந்தன என்பது என் துணிபு.

புளோரிடாவின் ராலின்ஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் தொடங்கிய இந்த ஸ்தாபனத்தில், நிர்வாகம் ஆசிரியர்கள் கையிலேயே இருந்தது. கலைப் பயிற்சி கல்விக்கு அலங்காரமாக அமையாமல் அதன் நடுநாயகமாக விளங்க வேண்டும் என்பது ரைஸின் கொள்கை. நாஜிகளின் நெருக்குதலால் பௌஹவுஸ் கலைப் பள்ளி மூடப்பட்ட அதே 1933-இல், அங்கே ஆசிரியராயிருந்த யோசெப் ஆல்பர்ஸும் நெசவுக் கலைஞரான அவர் மனைவி ஆனியும் இங்கு வந்து சேர்ந்தனர். 1936-இல் அப்பள்ளியைச் சேர்ந்த ஸாண்டி ஷவின்ஸ்கியும் வந்து, வடிவம், வர்ணம், ஒலி, அசைவு ஆகியவற்றுக்கே முதலிடம் தந்த மேடைப் பரிசோதனைகளை மாணாக்கரைக் கொண்டு நடத்தினார்.

இங்கே ஆசிரியரும் மாணாக்கரும் வாரம் முழுவதும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக உண்டு, பண்ணையில் ஒன்றாக உழைத்தவர்கள்; 1941-இல் ஈடன் ஏரிக்கரைக்குக் குடிபெயர்ந்தபோது, தாங்கள் பயிலும் கட்டடத்தையே கூடியவரை தங்கள் கைகளால் கட்டிக்கொண்டவர்கள். சனிக்கிழமை மாலையானால் வேலை உடையைக் களைந்து நல்லுடை உடுத்தி, கச்சேரிக்கோ நாடகத்துக்கோ கூடுவார்கள். சுற்றுவட்டாரத்தாரும் வந்து அமர்வதுண்டு. பகலில் தன்னோடு சேர்ந்து உழைத்தவரே இரவில் பியானோவின் முன் அமரும்போது, கேட்பவனுக்கு அந்தச் சங்கீதம் தூரத்து அதிசயமாகத் தோன்றாது. தானும் முயன்று எட்டக்கூடிய ஒரு காரியமாகவே தோன்றும்.

இந்த அரங்கம் ஊராரையும் சோதித்தது. இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் சீடரான ஹைன்ரிக் யாலோவெட்ஸ் ஆசிரியராயிருந்த காலத்தில், குருவின் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1944-இல் நடந்த கோடைகால இசைப் பயிலரங்கில், ஆல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின மாணவி சேர்த்துக்கொள்ளப்பட்டார். மறு ஆண்டு, உலகப் புகழ் பெற்ற கறுப்பினப் பாடகர் ரோலண்ட் ஹேஸ் அங்கே பாடியபோது, இரு நிறத்தாரும் ஒரே சபையில் அமர்ந்து கேட்டார்கள். சட்டமும் வழக்கமும் இவ்விரண்டையும் தடுத்து வந்த தென் மாகாணம் அது என்பதை நினைத்தால், ஒரு கச்சேரி எத்தனை பெரிய பிரகடனமாக முடியும் என்பது புலப்படும்.

1948-ஆம் ஆண்டின் கோடையைச் சற்று நின்றே பார்க்க வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் படைப்புகளை இரவு உணவுக்குப் பின் சிறு கச்சேரிகளாக வாசித்து வந்த இசையமைப்பாளர் ஜான் கேஜ், இடையே ஒரு பிரசங்கத்தில், இசையின் கட்டுமானத்தை ஸ்வரங்களின் இசைவின் மீது நிறுவியது பீதோவனின் பிழை என்றும், கால அளவின் மீது நிறுவிய சாட்டியும் வெபர்னுமே சரியான வழி கண்டவர்கள் என்றும் சொல்லப்போக, பீதோவனைத் தெய்வமாகப் போற்றிய ஜெர்மானிய அகதிகள் கொதித்தெழுந்தனர். இந்தக் கச்சேரி விழாவின் சிகரமாக அரங்கேறிய சாட்டியின் ‘மெடூசாவின் பொறி’ நாடகத்தில், தனி நடிகர் குழு என்று ஒன்று இல்லாததால், பொறியியல் மேதை பக்மின்ஸ்டர் புல்லர் பிரபு வேஷம் கட்டினார். ஓவியர் எலேன் டி கூனிங் அவருக்கு மகளானார். எலேனின் கணவர் வில்லெம் காட்சி ஜோடனை செய்தார். நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் இயந்திரக் குரங்காக ஆடினார். மேடைக் கூச்சத்தால் தவித்த புல்லரை, பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ் பெற்ற மாணாக்கர் ஆர்தர் பென், ஒத்திகையில் துள்ளவும் குதிக்கவும் வைத்து அக்கூச்சத்தைப் போக்கினார். அதே கோடையில் ஜன்னல் திரைப் பட்டைகளைக் கொண்டு புல்லர் எழுப்ப முயன்ற குவிமாட மண்டபம் எல்லோர் கண்முன்னும் எழும்ப மறுத்துக் கிடந்தது. ஆயினும் அவர் 1949-இல் திரும்பி வந்து முயற்சியைத் தொடர்ந்தார். தோல்வியைப் பழிக்காத சபை வாய்க்கும்போதுதான் துணிந்த சிருஷ்டிகள் பிறக்கின்றன.

1952-இல் கேஜ் போஜன சாலையிலேயே நடத்திய நிகழ்ச்சி இந்தப் போக்கின் முடிவான நிலை. ரசிகர்கள் நான்கு முக்கோணப் பகுதிகளாக நடுவை நோக்கி அமர்ந்திருக்க, ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு வெள்ளைக் கோப்பை இருந்தது. ராபர்ட் ரௌஷன்பெர்கின் வெண்ணிற ஓவியங்கள் தொங்கின. ஏணி மீதிருந்து பிரசங்கமும் கவிதையும் ஒலித்தன. டேவிட் டியூடர் பியானோ வாசித்தார். இடைவழிகளில் கன்னிங்ஹாம் ஆட, ஒரு நாய் அவரைத் தொடர்ந்தது. முடிவில் அந்தக் கோப்பைகளில் காப்பி ஊற்றினார்கள். கண்டவர்களின் நினைவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பார்வைக்குப் பொதுவான ஒரு முகப்பு இல்லாத அரங்கில், அவரவர் இருந்த இடத்திலிருந்து அவரவர் நாடகத்தைக் கண்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இந்தக் கலாசாலையைப் பற்றிய நூல்களுள் மார்ட்டின் டூபர்மனுடையது (1972) அதன் கூட்டு வாழ்வையும் பூசல்களையும் விரித்துரைக்கிறது. மேரி எம்மா ஹாரிஸின் நூல் (1987) கலைகளின் வரலாற்றை நிரல்படத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், அந்த வாழ்வும் அந்தக் கலையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது தெளிவாகும்.

பணமுடை முற்றி 1957-இல் கலாசாலை மூடப்பட்டது உண்மையே. சிறுமையின் பயனைப் பாடும்போது அதற்குக் கொடுத்த விலையை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், குறைந்த பொருளோடு கலை வளர்க்க முனையும் எந்தக் கல்லூரிக்கும் அது விட்டுச் சென்ற பாடம் செல்லுபடியாகும்: வித்வானை ஒரு மாலைக்கு வரவழைத்து மாலையிட்டு அனுப்புவதைக் காட்டிலும், ஒரு பருவம் தங்கச் செய்து, அவரோடு மாணாக்கரையும் மேடையேற்றுவதே மேலான விழா.