தஃவாவும் பய்யினாவும்

ஒரு நூலைத் திறனாய்வது போலவே ஒரு சட்டத்தையும் சொல் சொல்லாக எடைபோட்டுப் பார்க்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அத்தகைய வாசிப்பை வேண்டி நிற்பது. தகவல் பெறும் உரிமை குடிமக்கள் அனைவர்க்கும் உண்டு என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. கேட்பவர் காரணம் கூற வேண்டியதில்லை. தம்மைத் தொடர்புகொள்ளத் தேவையானவை தவிர வேறு சொந்த விவரமும் தர வேண்டியதில்லை என்கிறது 6-ஆம் பிரிவு. அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைக்கூடக் கேட்பதில்லை, எவரும் கேட்கலாம். ஆயினும் 2002-க்குப் பின் அந்நாட்டு உளவு நிறுவனங்கள், அயல்நாட்டு அரசுகளும் அவற்றின் பிரதிநிதிகளும் கேட்டால் மறுத்துவிடலாம். இலங்கையின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, உறுப்பினருள் முக்கால் பங்கினர் குடிமக்களாயின் ஒரு சங்கத்தையே குடிமகனாக ஏற்கிறது.

நம் சட்டத்தின் தாராளம் 24-ஆம் பிரிவில் சுருங்கிவிடுகிறது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளைப் பட்டியலிட்டு, இவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அப்பிரிவு விலக்களிக்கிறது. ஆவடியையே எடுத்துக்கொள்வோம். பீரங்கி வண்டிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அப்பட்டியலில் இல்லை. அவ்வண்டிகளை வடிவமைக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமோ, பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் அங்கமாதலால் பட்டியலுக்குள் அடங்குகிறது. ஒரே ஊரில், ஒரே வண்டியின் இரு வாசல்களில் ஒன்று திறந்தும் மற்றது மூடியும் இருக்கிறது.

பூந்தமல்லிக்கு வந்தால் செய்தி இன்னும் கனமானது. அங்குள்ள தனி நீதிமன்றத்தில் வழக்குகளை நடத்தும் தேசியப் புலனாய்வு முகமை 2011-இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிள்ளையைப் பிடித்துச் சென்றது எந்நாள், எவ்விடம், எவர் ஆணையால் என்று அறியத் தவிக்கும் தாய்க்கு அவ்வாசல் மூடியதா? முற்றிலும் இல்லை. ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவலுக்கு அவ்விலக்கு இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. மனித உரிமை மீறலாயின், மத்திய தகவல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்று, விண்ணப்பம் கிடைத்த 45 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும்.

இங்கேதான் ஒரு சொல்லின் பொருள் ஒரு குடும்பத்தின் விதியாகிறது. சட்டம் எழுதியிருக்கும் சொல் ‘குற்றச்சாட்டு’. ‘நிரூபணம்’ என்று அது எழுதவில்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் தஃவா என்னும் வழக்குரைப்பையும், பய்யினா என்னும் சான்றையும் வேறு வேறாகவே வைக்கின்றன. முன்னது வாசலில் நின்று உரைப்பது. பின்னது விசாரணையில் காட்டுவது. வெறும் குற்றச்சாட்டு போதாது, முகாந்திரம் காட்டுக என்று ஆணையத்தின் தீர்ப்புகள் சில கேட்டதுண்டு. பொய்யான கோரிக்கைகள் பெருகிவிடும் என்ற அச்சம் அவற்றின் பின்னால் இருக்கலாம்; அவ்வச்சத்தை இகழ்வதற்கில்லை. ஆயினும், சான்று எவர் பெட்டியில் பூட்டியிருக்கிறதோ அவரிடமே அதைக் கேட்டு வந்தவனை, முதலில் சான்றைக் கொண்டு வா என்பது முறையாகுமா? வாதி மீது பய்யினாவைச் சுமத்திய நம் மரபும், அவன் வாய் திறப்பதற்கு முன்பே அதைக் கேட்கவில்லை.

நீதிமன்றங்களும் இச்சொற்களில் இடறியதுண்டு, திருத்திக்கொண்டதும் உண்டு. தகவல் கேட்பவர் நோக்கத்தைக் கூற வேண்டும் என்று 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் எழுதியது. 6-ஆம் பிரிவு கவனத்திற்கு வரவே, சில நாட்களிலேயே தானாக முன்வந்து அப்பகுதியை நீக்கியது. 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம், மத்தியப் புலனாய்வுத் துறைக்கு 24-ஆம் பிரிவு முழுக் கவசம் அன்று என்றும், ஊழல் பற்றிய தகவலை அது தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

ஆகவே நம் ஜமாஅத்துகளில் மனு எழுதித் தருவோர் இரண்டைக் கருத்தில் கொள்க. மனுவைச் சங்கத்தின் பெயரால் மட்டும் அனுப்பாமல், ஒருவர் தம் பெயரையும் குடிமகன் என்பதையும் குறித்து எழுதுக. உளவு அமைப்பிடம் கேட்கும்போது, எவ்வுரிமை, எந்நாளில், எவ்வாறு மீறப்பட்டது என்ற குற்றச்சாட்டைத் தெளிவாக முதல் பத்தியிலேயே வைக்குக. அப்பத்தி இல்லாத மனுவைத் திருப்பியனுப்ப 24-ஆம் பிரிவு ஒன்றே அதிகாரிக்குப் போதும்.